லூபஸ் உள்ள தோழிக்குக் கூடமாட நிற்பது எப்படி?

உங்கள் தோழிக்கு லூபஸ் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவ வீடு வந்து சேர முன்னமே புத்திமதி வந்து சேர்ந்திருக்கும். பெத்தா கத்தரிக்காயை நிறுத்தியிருப்பா. பக்கத்து வீட்டு மாமி கிரந்தி எண்ணெய் கொண்டுவந்திருப்பா. கனடாவில் இருக்கிற மச்சாள் "இந்த ஜூஸைக் குடிச்சு ஒராள் மாத்திரையையே விட்டுட்டாராம்" என்று ஒரு வீடியோ அனுப்பியிருப்பா. இந்த வரிசையில் நீங்களும் போய் நிற்க வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டால் லூபஸ் மாறாது. அதைக் கட்டுக்குள் வைப்பது மருந்துதான். ஆனால் உப்பு, வெயில், கிருமித்தொற்று, தவறிப்போகும் மாத்திரை ஆகிய நான்கும் மருந்து கட்டியதை அவிழ்த்துவிடக் கூடியவை. நான்குமே நோயாளி கையில் மட்டும் இல்லை. சமைக்கிறவர், பயணத்துக்கு நேரம் குறிக்கிறவர், விருந்துக்குக் கூப்பிடுகிறவர் கையிலும் இருக்கின்றன. ஆகவே அவவைத் திருத்தப் போகாமல், உங்கள் ஏற்பாடுகளைத் திருத்துங்கள்.

முதல் வேலை: நோயை விளங்கிக்கொள்ளுங்கள்

கிருமியைத் தாக்க வேண்டிய எதிர்ப்புத் தொகுதி உடலின் சொந்த இழையங்களையே தாக்குவதுதான் லூபஸ். தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்தம், நுரையீரல், இருதயம் என்று எதிலும் கைவைக்கும். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள். கன்னத்திலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவப்பு, மூட்டுவலி, வாய்ப்புண், முடி கொட்டுதல், காரணமில்லாத காய்ச்சல், எழும்பவே முடியாத களைப்பு. எல்லோருக்கும் எல்லாமே வருவதில்லை. மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும், பிறகு திடீரென்று கிளம்பும்.

இது தொற்றாது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாம், பிள்ளையைத் தூக்கக் கொடுக்கலாம். ஊரில் அடிக்கடி கேட்கிற இன்னொரு பிழை, "அவவுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, அதைக் கூட்டக் குடுங்கோ" என்பது. இங்கே சிக்கல் எதிர்ப்புச் சக்தி குறைந்ததல்ல, திசைமாறிப் போனது. கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த 'இம்மியூனிட்டி' பவுடர்கள், சீந்தில் கசாயம், அல்ஃபால்ஃபா மாத்திரை எல்லாம் அவவுக்கு வேண்டாம். சித்த மருந்தோ ஆயுர்வேதமோ எடுக்க விரும்பினால், கிளினிக் டொக்டருக்குச் சொல்லிவிட்டு எடுப்பது ஒன்றுதான் நிபந்தனை.

இரண்டாவது: கிளினிக் கொப்பியைக் கேட்டுப் பாருங்கள்

உப்பையும் கீரையையும் பற்றிப் பேச முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறதா? என்னென்ன மாத்திரை போகிறது? அவவின் சம்மதத்தோடு கொப்பியைப் பாருங்கள். சம்மதம் இல்லையென்றால் அந்த இரண்டையும் வாயால் கேட்டால் போதும்.

ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரை லூபஸ் உள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் எழுதப்படும். சாப்பிட்டபின் எடுக்க வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் என்பதால் பலர் "ஒண்டும் செய்யேல்ல" என்று இடையில் விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் தோழியின் வாய் உதவும். நீண்டகாலம் எடுப்பவர்களுக்குக் கண் பரிசோதனை உண்டு, அந்தத் திகதியை உங்கள் போனிலும் போட்டு வையுங்கள்.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரோய்ட் மாத்திரை பெரும்பாலும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. பசியைக் கிளப்பும், முகத்தை ஊதவைக்கும், சீனியையும் பிரஷரையும் ஏற்றும், எலும்பை மெலியவைக்கும், நித்திரையைக் கெடுக்கும். இத்தனைக்கும் பிறகும் அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. வாரக்கணக்கில் எடுத்துவந்த உடல் தன் சொந்த ஸ்டீரோய்ட் சுரப்பைக் குறைத்து வைத்திருக்கும். சட்டென்று விட்டால் மயங்கி விழும் அளவுக்குப் போகலாம். குறைப்பதென்றால் டொக்டர் படிப்படியாகக் குறைப்பார். எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதியிருந்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போடுவது உயிராபத்து. அந்தக் கிழமையைப் பெட்டியின் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான், ஆனால் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு "இது இல்ல, வெளியில வாங்குங்கோ" என்று துண்டு கொடுக்கப்படுவது நமக்குப் பழகிப்போனது. மாத்திரை முடிகிற அன்று பாமசி பாமசியாக அலையாமல், ஒரு கிழமை இருக்கும்போதே எண்ணிப் பாருங்கள். மட்டக்களப்பு நகரில் கிடைக்காதது கல்முனையில் கிடைக்கலாம். அங்கே ஓர் உறவினரோ நண்பரோ இருந்தால் அவரைக் கேட்பது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

கிளினிக் நாளில் கூடப் போவதுதான் நான் கண்டவரை ஆகப் பெரிய உதவி. போதனா வைத்தியசாலையோ அம்பாறைப் பொது வைத்தியசாலையோ, காலையிலேயே சனம் கூடிவிடும். நம்பர் எடுக்க நீங்கள் நில்லுங்கள், அவ நிழலில் இருக்கட்டும். ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீர், அவித்த கடலை, குடை, கொப்பி, கடைசி இரத்த, சிறுநீர் ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒரே பையில். முதல் நாள் இரவே கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். உள்ளே கிடைப்பது சில நிமிடம்தான், கதவைத் தாண்டியதும் பாதிக் கேள்வி மறந்துபோகும். சிறுநீர்ப் பரிசோதனையை "நமக்கு அங்க நோவில்லையே" என்று தட்டிக்கழிக்க விடாதீர்கள். சிறுநீரகம் பாதிக்கப்படும்போது ஆரம்பத்தில் நோவு இருக்காது. சிறுநீரில் புரதம் போவதைப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது: அடுப்படி

நம் மத்தியானச் சாப்பாடு அடிப்படையில் நல்ல சாப்பாடு. சிவப்பரிசிச் சோறு, மீன் ஆணம், பருப்பு, முருங்கையிலையோ பொன்னாங்காணியோ ஒரு சுண்டல், பால்சொதி. 'லூபஸ் டயட்' என்று இணையத்தில் விற்கிற எதையும் இதற்குப் பதிலாக வாங்க வேண்டியதில்லை. கெடுப்பது அதன் ஓரத்தில் வந்து உட்காருகிறவைதான். ஒரு துண்டு கருவாட்டுப் பொரியல், கூனிச் சம்பல், அப்பளம், ஊறுகாய். அதோடு சோயா மீற் பக்கெற்றில் வருகிற தூள், இரண்டு நிமிட நூடில்ஸ்.

உப்பு பிரஷரை ஏற்றும், காலில் நீரைக் கட்டும், சிறுநீரகத்துக்குச் சுமை. உலக சுகாதார நிறுவனம் பொதுவாக எல்லோருக்கும் சொல்கிற அளவே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி. ஒரு கருவாட்டுத் துண்டும் ஒரு கரண்டி ஊறுகாயும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். கருவாட்டை ஊறவைத்துக் கழுவினால் உப்புக் குறையும், போகாது.

உப்பைக் குறைத்தால் ஆணம் சப்பென்று இருக்கும் என்பது உண்மைதான். அதற்குச் சூடை மீன் ஆணத்தில் ஒரு வழி சொல்கிறேன். வழக்கமாகப் போடும் உப்பில் பாதியைப் போடுங்கள். புளியைக் கொஞ்சம் கூட்டி, மிளகையும் பெருஞ்சீரகத்தையும் புதிதாக வறுத்து இடித்து, இறக்குகிற நேரத்தில் கறிவேப்பிலையோடு தூவுங்கள். சுண்டலுக்கு உப்பே போடாமல் இறக்கி, தட்டில் தேசிக்காய் பிழியலாம். நாக்கு பழக இரண்டு மூன்று கிழமை எடுக்கும். முக்கியமாக, அவவுக்கென்று தனிச் சட்டி வைக்காதீர்கள். நோயாளிச் சாப்பாடு என்று ஒரு சட்டி ஒதுக்கினால் அவவும் ஒதுங்கிப்போவா. பிரஷர் மாத்திரை இல்லாத வீடு நம் பக்கத்தில் எத்தனை? முழு வீடும் உப்பைக் குறைக்கட்டும், ஒருவருக்கும் நட்டமில்லை.

மீனில் சூடை, கீரி, சாளை, கும்பிளா போன்றவற்றில் ஒமேகா 3 கொழுப்பு கூட. லூபஸ் உள்ளவர்களுக்கு இளவயதிலேயே இருதய நோய்க்கான வாய்ப்பு அதிகம் என்பதால், பொரிக்காமல் ஆணமாகவோ அவியலாகவோ இந்தச் சின்ன மீன்களைக் கிழமையில் இரண்டு தரமாவது வைப்பது நல்லது. பெரிய பாரை வாங்கக் காசில்லை என்று கவலைப்படுகிற வீட்டுக்கு இது நல்ல சேதிதான்.

பிரெட்னிசலோன் எடுப்பவரின் சாப்பாட்டை எலும்பும் சீனியும் என்ற இரண்டு கோணத்தில் பாருங்கள். எலும்புக்கு முள்ளோடு தின்னக்கூடிய நெத்தலி (பச்சை நெத்தலி, உப்புக் கருவாடு அல்ல), குரக்கன், எள்ளு, முருங்கையிலை, எருமைத் தயிர். நம்மூர்த் தயிர் இருக்கும்போது கல்சியத்துக்கு எங்கே போக? சீனியையும் பாணியையும் மேலே கொட்டாமல் பப்பாசித் துண்டோடு சாப்பிடுவதுதான் ஒரே கட்டுப்பாடு. சீனிக்கு, அந்த மாத்திரை கிளப்புகிற பசியை விளங்கிக்கொள்ள வேண்டும். இரவு பத்து மணிக்கு அவ பிஸ்கட் டின்னைத் தேடுவது ஆசையால் அல்ல. திட்டாமல், கைக்கெட்டும் இடத்தில் வேறொன்றை வையுங்கள்: உப்பில்லாமல் அவித்த கச்சான், கௌபி, கொய்யாக்காய், வெள்ளரி. தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி என்றால் இந்த மாதம் இரண்டு, அடுத்த மாதம் ஒன்று.

கிரந்திச் சாப்பாட்டுக்கு வருவோம். கத்தரிக்காய், இறால், நண்டு, கணவாய், அன்னாசி என்று பெத்தாமாரின் பட்டியல் நீளமானது. இவை லூபஸைக் கிளப்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டுச் சோறும் ரசமுமாக மாதக்கணக்கில் கிடந்தால் புரதம் குறைந்து ஆள் இன்னும் மெலிந்துபோவா. ஒரு குறிப்பிட்ட சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு தரமும் தோல் தடிக்கிறதென்றால் அது அவவுக்குரிய ஒவ்வாமையாக இருக்கலாம். எழுதி வைத்து டொக்டரிடம் காட்டலாம். பெத்தாவோடு வாதாடி வெல்ல முடியாது, தேவையுமில்லை. "டொக்டர் மீன், முட்டை, பருப்பைக் கட்டாயம் தின்னச் சொன்னவர், பெத்தா" என்று ஒரு வரி போதும்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் கணக்கு மாறும். காமரங்காயும் விளிம்பிக்காயும் வளவிலேயே காய்க்கின்றன, சும்மா பறித்துச் சாறு அடித்துக் குடிக்கிற பழக்கமும் நமக்கு உண்டு. சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு இந்த இரண்டும் நஞ்சு. தொடவே கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். லொசார்ட்டன், எனலாபிரில் போன்ற பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இருதயத் துடிப்பையே குழப்பலாம். நோயாளியைப் பார்க்கப் போகும்போது இளநீர்க் குலையோடு போவது நம் வழக்கம். இந்த வீட்டுக்கு ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள். புரதம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதை டொக்டரும் ஆஸ்பத்திரி உணவாலோசகரும்தான் சொல்ல வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இந்தத் தடைகள் பெரும்பாலும் பொருந்தாது, ஆனால் காமரங்காய், விளிம்பிக்காய்ச் சாற்றை அவரும் அளவுக்கு மீறிக் குடிக்கக் கூடாது.

நான்காவது: வெயில்

புற ஊதாக் கதிர் பட்டால் தோலில் மட்டும் சிவப்பு வருவதில்லை. மூட்டும் காய்ச்சலும் களைப்பும் சேர்ந்து கிளம்பலாம். நாமோ வருஷம் முழுக்க வெயிலுக்குள் வாழ்கிறவர்கள். சித்திரை வருஷப்பிறப்பை ஒட்டிய நாட்களிலும் செப்ரெம்பர் தொடக்கத்திலும் மத்தியானச் சூரியன் சரியாக நம் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். மற்ற மாதங்களிலும் பெரிதாக விலகிப்போவதில்லை. மப்பு மந்தாரமாக இருந்தாலும் கதிர் வரும். கடற்கரை மணலும் வாவித் தண்ணீரும் அதைத் திருப்பி அடிக்கும் என்பதால் குடை மட்டும் போதாது. பஸ் கண்ணாடியூடாகவும் ஒரு பகுதி வரும். ஆகவே யன்னல் இருக்கையில் நீங்கள் இருந்துகொண்டு அவவை உள்பக்கம் விடுங்கள்.

ஒரு சுலபமான அளவுகோல்: உங்கள் நிழல் உங்களைவிடக் கட்டையாக இருந்தால் வெளியே கூட்டிப் போகாதீர்கள். காலை பத்திலிருந்து பின்னேரம் நான்கு வரை சந்தை, பாங்கு, பிரதேச செயலகம் எதுவானாலும் முடிந்தவரை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளுங்கள். போகத்தான் வேண்டுமென்றால் நீளக்கைச் சட்டை, அகலக்கரைத் தொப்பி அல்லது குடை, எஸ்.பி.எஃப் 30க்கு மேற்பட்ட வெயில் தடுப்புக் கிறீம். புறப்படக் கால் மணித்தியாலம் முன் பூசி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். இந்த வியர்வைக்கு அதையும் விட அடிக்கடி. கிறீம் விலை கூட என்பதால் பிறந்தநாளுக்குச் சுரிதாருக்குப் பதில் அதை வாங்கிக் கொடுக்கலாம். முகத்தை வெள்ளையாக்குகிற கிறீம்களை அல்ல.

கோயில் விஷயத்தில் கொஞ்சம் யோசனை வேண்டும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போகாமல் இருக்க எந்த மட்டக்களப்பாளுக்கும் மனம் வராது. ஆனால் அந்த வெயிலும் சனநெரிசலும் சுடுமணலும் அவவுக்கு ஒரு மாதப் படுக்கையைக் கொடுக்கலாம். திருவிழாவின் வேறொரு நாளில், இரவுப் பூசைக்கு ஒன்றாகப் போவதாக நீங்களே முன்கூட்டி முடிவு செய்து கூப்பிடுங்கள். "நீ வராத, வெயில்" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் மட்டும் வேன் பிடித்துப் போவதுதான் ஆளை உடைக்கும். கலியாண வீடானால் பந்தலின் நடுவில் இடம் பிடித்து வையுங்கள்.

வெயிலை இப்படித் தவிர்க்கிறவருக்கு விற்றமின் டி குறையும். மாத்திரை தேவையா என்று கிளினிக்கில் கேட்க வேண்டும்.

ஐந்தாவது: களைப்பு

வெளியில் தெரியாது என்பதால் "சும்மா படுத்துக் கிடக்கா" என்ற பெயர் சீக்கிரம் வந்துவிடும். அது சோம்பல் இல்லை, நித்திரை கொண்டாலும் போகாத களைப்பு. "ஏதும் தேவையெண்டாச் சொல்லு, என்ன" என்பதை விட்டுவிடுங்கள். யாரும் சொல்லமாட்டார்கள். "வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போறன், உனக்கும் மீன் வெட்டிக் கொண்டாறன்" என்று சொல்லுங்கள். தேங்காய் துருவுவது, தண்ணீர் அள்ளுவது, உடுப்புப் பிழிவது மூன்றும் வீங்கிய விரல் மூட்டுக்கு ஆகாதவை.

நோய் அடங்கியிருக்கும் நாட்களில் நடை நல்லது. கல்லடிக் கடற்கரையில் வெயில் ஏற முன், அல்லது பொழுதுபட்ட பிறகு. அவவின் வேகத்தில், அவ நிற்கச் சொல்கிற இடம்வரை. வீட்டில் யாராவது புகைப்பவர் இருந்தால் முற்றத்துக்கு அனுப்புங்கள்.

ஆறாவது: மாரியும் காய்ச்சலும்

கார்த்திகை, மார்கழி வெள்ளம் வடிந்த பிறகு கிணறு கலங்கும், நுளம்பு பெருகும், வயலில் எலிக்காய்ச்சல் பயம். எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவருக்கு இவை மற்றவர்களைவிடக் கடுமையாக வரும். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். வீதியோர ஐஸ் ஜூஸ், பாதி வெந்த முட்டை, காய்ச்சாத பால் தவிர்க்க வேண்டும். பகலிலும் நுளம்பு வலை. உங்களுக்குத் தடிமன் என்றால் அன்று போகாமல் போனில் கதையுங்கள், அதுவும் உதவிதான். தடுப்பூசி எது போடலாம், எது கூடாது என்பதை டொக்டர் தீர்மானிப்பார். உயிருள்ள கிருமியால் செய்த ஊசிகள் சிலருக்கு ஆகாது.

காய்ச்சல் வந்தால் "லூபஸ் காய்ச்சல்தானே" என்று வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. டெங்கும் லூபஸும் இரண்டுமே இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டைக் (பிளேட்லெட்) குறைக்கும். எது என்று இரத்தப் பரிசோதனையும் டொக்டரும்தான் பிரிக்க முடியும். அன்றே காட்டுங்கள். அதுவரை பனடோல் மட்டும். கடையில் கேட்டவுடன் கிடைக்கிற டைக்ளோபினெக், ஐபுபுரோபன் வேண்டாம். டெங்கில் இரத்தப்போக்கையும் லூபஸில் சிறுநீரகத்தையும் அவை மோசமாக்கும்.

விரதமும் பேச்சும்

கந்தசஷ்டி ஆறு நாளானாலும் காத்தான்குடியில் நோன்பு முப்பது நாளானாலும் முதலில் கேட்க வேண்டியது மாத்திரை நேரம். பிடிக்க முடியுமா என்பதைச் சில கிழமைக்கு முன்பே கிளினிக்கில் கேட்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது. அவ நோன்பு விட்டதை ஊர் பேசினால் நீங்கள் பதில் சொல்லுங்கள், அவவைச் சொல்லவிடாதீர்கள்.

ஊதிய முகத்தைப் பார்த்து "நல்லாக் கொழுத்திட்டாய்" என்று சொல்லாதீர்கள். கலியாணம், பிள்ளை பற்றி அவவாகக் கதைத்தால் மட்டும் கதையுங்கள். லூபஸ் உள்ள பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். மைகோபீனோலேட், மெத்தோட்ரெக்சேட் போன்ற எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் கருவைப் பாதிப்பதால் முன்கூட்டியே மாற்ற வேண்டும். திட்டம் போட்டு, டொக்டரிடம் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம் அது. வரன் பேசுகிற இடத்தில் நோய் பற்றிச் சொல்வதா இல்லையா என்பது அவவின் முடிவு. உங்கள் வாயிலிருந்து அது வெளியே போகக்கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்கு

நெஞ்சுவலி, மூச்செடுக்கக் கஷ்டம், வலிப்பு, திடீர்க் குழப்பமான பேச்சு, கை கால் ஒரு பக்கம் இழுத்தல், ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தல், சிறுநீர் குறைதல் அல்லது நுரைத்துப் போவதோடு முகமும் காலும் வீங்குதல், முரசிலோ தோலுக்கடியிலோ இரத்தக்கசிவு, சத்தி எடுத்து மாத்திரையே தங்காமை. இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கொப்பியையும் மாத்திரைப் பையையும் கையோடு எடுங்கள். லூபஸ் உள்ளவர், பிரெட்னிசலோன் எடுக்கிறவர், கடைசி மாத்திரை எப்போது போட்டவர் என்ற மூன்றையும் ஏறியவுடனேயே அம்புலன்ஸில் வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.